நாடப்பிரபு கெம்பே கௌடா அவர்களுக்கு ஒரு பயணியின் விண்ணப்பம்

அனுப்புநர்:
பெட்டியும் கையுமாக நிற்கும் பயணி,
வருகை வாயிலுக்கு வெளியே,
தேவனஹள்ளி.

பெறுநர்:
நாடப்பிரபு கெம்பே கௌடா அவர்கள்,
108 அடி வெண்கலச் சிலை,
விமான நிலைய வளாகம்,
தேவனஹள்ளி.

பொருள்: தாங்கள் நிறுவிய பெங்களூருக்குள் போய்ச் சேர வழி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவைத் தங்களுக்கு அனுப்புவதற்குக் காரணம் பக்தி மட்டுமல்ல. சாலைக்கு ஓர் அலுவலகம், ரயிலுக்கு ஓர் அலுவலகம், மெட்ரோவுக்கு வேறு, பேருந்துக்கு வேறு, சுங்கச்சாவடிக்கு இன்னும் வேறு. இத்தனை பேரில் எப்போது போனாலும் இருக்கையில் இருப்பவர் தாங்கள் ஒருவர்தான். அதுவும் நின்றபடி, நாலு டன் வாளைப் பிடித்துக்கொண்டு. ஒரு மனுவைப் படிக்க இதைவிடப் பொறுப்பான அதிகாரி கிடைக்கமாட்டார்.

1537-இல் தாங்கள் பெங்களூரை உண்டாக்கியபோது, சிக்கப்பேட்டைப் பக்கம் ஒரு நாற்சந்தியில் நான்கு ஏர்களைப் பூட்டி நான்கு திசைக்கும் ஓட்டச் சொன்னீர்கள், சால் விழுந்த தடமே தெருவாயிற்று என்று ஊரில் கதை உண்டு. அதாவது முதலில் வழியைப் போட்டுவிட்டுத்தான் ஊரைக் கட்டியிருக்கிறீர்கள். அனுபவம் போதாத காலம், அப்படிச் செய்திருப்பீர்கள். இப்போது நிர்வாகம் வளர்ந்துவிட்டது. 2008 மே மாதம் விமான நிலையத்தைத் திறந்தார்கள். 2013-இல் அதற்குத் தங்கள் பெயரை வைத்தார்கள். 2022-இல் தங்கள் சிலையையும், மூங்கில் கூரையும் தொங்கும் தோட்டமுமாக இரண்டாம் முனையத்தையும் திறந்தார்கள். உள்ளே பசுமையைப் பார்த்தபோது, வெளியே போகவிடாமல் இருக்கத்தான் இவ்வளவு அழகாகக் கட்டினார்களோ என்றுகூடத் தோன்றியது. ஊருக்குப் போகும் ரயில் பாதை? அதற்கு 2021 ஏப்ரலில்தான் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வழியாக விமான நிலையம் வரை 58.19 கிலோமீட்டர். விமானம் இறங்கத் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டு கழித்து, இறங்கியவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி கோப்பில் ஏறியது. அந்த மெட்ரோவின் தூண்களைப் பார்த்தபடியே டாக்ஸியில் வந்த பழக்கம் எங்களுக்கு உண்டு.

ரயிலே இல்லை என்று குறை சொன்னால் அது அபாண்டம். 2021 ஜனவரியில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஹால்ட் ஸ்டேஷன் திறந்தார்கள். அழகான சின்ன ஸ்டேஷன். அங்கே நின்று போகும் ரயில்களை விரல்விட்டு எண்ணலாம் என்பதால் கூட்ட நெரிசல் என்ற பேச்சுக்கே இடமில்லை. விமானங்கள் மட்டும் அந்த ரயில் அட்டவணையை ஒட்டி இறங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

புது ஊரில் இறங்குகிறவனுக்குப் பெயர்கள்தான் துணை. அதிலும் தங்கள் பெருமைக்குக் குறை வைக்கவில்லை. கெம்பே கௌடா விமான நிலையத்தில் இறங்கி, கே.ஐ.ஏ. 9 பேருந்தைப் பிடித்தால் கெம்பே கௌடா பேருந்து நிலையம் வரும். அதன் பக்கத்திலேயே நாடப்பிரபு கெம்பே கௌடா மெட்ரோ நிலையம். தங்களிடமிருந்து கிளம்பி, தங்களிடமே வந்து, தங்களுக்குள்ளேயே இறங்கிப் போகிறோம். ஆனால் கண்டக்டர் கூவுவது என்னவோ ‘மெஜெஸ்டிக், மெஜெஸ்டிக்’. அது அங்கே முன்பு இருந்த ஒரு சினிமாக் கொட்டகையின் பெயர். கொட்டகை போய்விட்டது, பெயர் நிற்கிறது. பலகையில் தங்களைத் தேடிக்கொண்டு, மெஜெஸ்டிக் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கும் வெளியூர்க்காரர்களைத் தாங்கள் உயரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள்.

இதைவிடச் சுவையானது ஓல்ட் ஏர்போர்ட் ரோடு. ஊருக்குள்ளேயே இருந்த எச்.ஏ.எல். விமான நிலையத்தில் பயணிகள் விமானத்தை 2008-இல் நிறுத்திவிட்டார்கள். சாலைக்குப் பெயர் அப்படியே இருக்கிறது. ‘ஏர்போர்ட் ரோடு’ என்று பார்த்து, பக்கத்தில்தான் என்று நம்பி அறை போடுகிறவர், இறங்கிய இடத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போக வேண்டும்.

சாலையைப் பற்றி. சாதஹள்ளி சுங்கச்சாவடி வரை வண்டி பறக்கிறது; இறங்கிவிட்டோமா இல்லையா என்றே சந்தேகம் வரும். எலஹங்காவும் போய்விடும். ஹெப்பாள் வந்ததும் ஓட்டுநர் ஏசியைக் குறைத்துவிட்டு, சீட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொள்கிறார். அதுதான் அறிகுறி. போன் வரைபடத்தில் நீலக் கோடு மஞ்சளாகி, சிவப்பாகி, பிறகு காய்ந்த ரத்தத்தின் நிறத்துக்கு வருகிறது. போய்ச் சேரும் நேரம் 7.10 என்று காட்டியது 7.25 ஆகிறது, வண்டி ஓர் அடி நகர்ந்ததும் 7.40. முன்னால் பேருந்து, பக்கத்தில் பால் வேன், நடுவே புகுந்துவிட்ட ஒரு ஸ்கூட்டர். “என்னங்க இது?” என்று கேட்டால், திரும்பிக்கூடப் பார்க்காமல், “இன்னிக்குப் பரவால்ல சார்” என்கிறார். பெங்களூர் டாக்ஸிக்காரருக்குத் தமிழ் தெரிந்திருப்பது எவ்வளவு ஆறுதல்!

மேக்ரி சர்க்கிள் பக்கம் ஒரு காவல் கோபுரம் உண்டு, தாங்கள் அறிவீர்கள். ஊரின் வடக்கு எல்லை இதுதான், இதற்கு மேல் வளராது என்று தங்கள் வம்சம் நிறுத்திய கோபுரம். விமான நிலையம் அதிலிருந்தும் 25 கிலோமீட்டருக்கு மேல் அப்பால். இத்தனை தொலைவைக் குறைக்க முயற்சி நடக்காமல் இல்லை. 2016-இல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை இரும்பிலேயே மேம்பாலம் கட்டுகிறோம் என்றார்கள். 812 மரங்களை வெட்ட வேண்டும் என்றதும் ஊரே தெருவில் இறங்கிக் கைகோத்து நின்றது, அடுத்த ஆண்டு திட்டத்தைக் கைவிட்டார்கள். மேலே போக முடியாதபடியால் இப்போது ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டுக்குப் பூமிக்கடியில் சுரங்கம் என்கிறார்கள். நடுவில் 2018-இல் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஹெலிகாப்டர் டாக்ஸியே விட்டுப் பார்த்தார்கள்: ஆளுக்கு 3,500 ரூபாயும் வரியும், பயணம் கால் மணி நேரம். விமானத்தில் வந்தவனை ஊருக்குள் கொண்டுபோக மறுபடி பறக்கவைப்பது தவிர வழியில்லை என்பதை இதைவிட நேர்மையாக எவரும் ஒப்புக்கொண்டதில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்கள் பாவம், அவர்களுக்கு ஓசூர் கூப்பிடு தூரம். 2024 ஜூனில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று அறிவிப்பும் வந்தது. ஆனால் தங்கள் காலடியில் உள்ளதைக் கட்டியபோது எழுதிய ஒப்பந்தப்படி, மைசூர், ஹாசன் தவிர 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் 25 ஆண்டுகளுக்குப் புது விமான நிலையம் கூடாது. கணக்குப் போட்டால் 2033. அதற்குள் ஹெப்பாள் தாண்டிவிடலாம் என்று நம்புகிறோம்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தங்கள் சிலை திறந்த அதே 2022 நவம்பர் 11-ஆம் தேதிதான் சென்னை–மைசூர் வந்தே பாரத் ரயிலுக்கும் பெங்களூரில் கொடி அசைத்தார்கள். அந்த ரயிலில் வருகிறவன் சென்ட்ரலில் ஏறி நாலரை மணி நேரத்தில் ஊருக்கு நடுவே இறங்கிக் காபி குடிக்கிறான். ஒரு மணி நேரம் பறந்து வருகிறவனோ அதற்கு முன் இரண்டு மணி நேரம் மீனம்பாக்கத்தில் பெல்ட்டைக் கழற்றி மாட்டி, இங்கே பெட்டிக்குக் காத்திருந்து, பிறகு ஹெப்பாளில் சாய்ந்துகொள்கிறான். ஒரே நாளில் இரண்டையும் தொடங்கிவைத்து நாட்டுக்கே விடை சொன்னவர்கள், கேள்வி இருந்ததையே கவனிக்கவில்லை போலும்.

ஆகவே, தாங்கள் ஒரு வார நாளில், சாயங்காலம் ஆறு மணிக்கு, பீடத்தை விட்டு இறங்கி மெஜெஸ்டிக் வரை வந்து பார்க்க வேண்டுகிறேன். வாளை விட்டுவிட்டு வரலாம். லக்கேஜ் வைக்கும் தட்டு அதைத் தாங்காது.

தங்களுக்கு இந்த வழி புதிதும் அல்ல. தங்கள் முன்னோர் காஞ்சிச் சீமையிலிருந்து வண்டி கட்டி வந்து, இதே தேவனஹள்ளிக்குப் பக்கத்து ஆவதியில் தங்கி, பின்னால் எலஹங்காவுக்குப் போய், அதன் பிறகே பெங்களூர் கண்டார்கள் என்று மரபு சொல்கிறது. தேவனஹள்ளி, எலஹங்கா, பெங்களூர்: இன்றும் அதே தடம்தான். தங்கள் குலத்துக்குச் சில தலைமுறை ஆயிற்று என்பதால் நாங்கள் அவசரப்படுவதும் முறையில்லை. ஆனால் அதே காஞ்சிச் சீமையில், பரந்தூரில், சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் வரப்போகிறது. சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். தேவனஹள்ளித் தொலைவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஏகனாபுரத்துக்காரர்கள் நிலம் தரமாட்டோம் என்று 2022-லிருந்து போராடுகிறார்கள். பூந்தமல்லியிலிருந்து மெட்ரோ வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எது முதலில் முடியும் என்பதில் தங்கள் அனுபவத்தை எங்கள் ஊர் அதிகாரிகளோடு பகிர்ந்துகொண்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
இன்னும் ஹெப்பாளில் உள்ள,
தங்கள் விருந்தினன்.

நகல்: பரந்தூரில் சிலைக்கு இடம் பார்க்கப்போகும் அலுவலர்களுக்கு – ரயில் நிலையத்துக்கு இடம் விட்டதுபோக மீதியில் பார்க்கும்படி.