கண்டனூரார்

கண்டனூர் என்றதும் காரைக்குடிப் பக்கம் பஸ் ஏறிவிடாதீர்கள். அந்த ஊருக்கும் இவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பூர்வீகம் திருத்துறைப்பூண்டி, இருப்பு பள்ளிக்கரணையில் எங்கள் அடுக்குமாடியின் தரைத்தளம். நாளைக்கு மூன்று கண்டனமாவது தெரிவிக்காமல் ராத்திரி படுக்கமாட்டார் என்பதால் நான் வைத்த பெயர் அது. அவருக்குத் தெரியாது. தெரிந்தால் நாலாவதும் வரும்.

நேரில் பார்த்தால் நம்பமாட்டீர்கள், அப்படியொரு சாது. தண்ணீர் கேன் போடும் பையன் பாசி பிடித்த கேனைக் கொண்டுவந்து இறக்கினால், "நாளைக்கு வேற பார்த்துக் கொண்டாப்பா" என்பார். அதையும் பையன் லிஃப்டில் ஏறிக் கதவு மூடிய பிறகுதான் சொல்வார். ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கூடக் கேட்டால் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு தேங்க்ஸும் சொல்லிவிட்டு வருவார். அவருடைய பார்க்கிங் இடத்தில் நாலு வருஷமாக ஒருத்தர் ஸ்கூட்டரை நிறுத்திவைத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. தன் காரை வேப்பமரத்தடியில் விட்டு, தினமும் காலையில் காக்கா எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஸ்கூட்டர் என்னுடையது என்பதால் இந்த விஷயத்தை இத்தோடு விடுகிறேன்.

கையில் மொபைல் வந்ததும் ஆள் மாறுவார். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறும். வலது கட்டைவிரலை வேட்டியில் ஒருமுறை துடைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு அந்த விரலுக்கு முன்னால் எவனும் நிற்க முடியாது.

காரணம் இல்லாமல் இல்லை. 31 வருஷம் தணிக்கையில் இருந்தவர். யூனியன் யூனியனாகப் போய் உட்கார்ந்து 'தணிக்கைத் தடை' எழுதியே முதுகு வளைந்தது. வாளி வாங்கிய ரசீதில் தேதி இல்லை. தெருவிளக்கு கணக்கில் நாற்பது, எண்ணினால் முப்பத்தேழு. தடைக்குப் பதில் வர ஏழெட்டு வருஷம் ஆகும். அதற்குள் எழுதினவர் மாற்றலாகி, எழுதப்பட்டவர் ரிட்டயராகி, வாளியும் ஓட்டையாகியிருக்கும். வரும் பதிலும் ஒரே வரிதான்: 'இனிவரும் காலங்களில் தவிர்க்கப்படும்.' அப்படிக் காய்ந்து கிடந்த மனுஷனுக்கு, ஒரு தடை எழுதினால் ஏழே நிமிஷத்தில் நானூறு பேர் "செருப்படி சார்!" என்று கைதட்டும் வசதி கிடைத்தால் என்ன ஆகும்? எனக்கும் அதுதான் ஆகியிருக்கும்.

அவர் வேலை செய்கிற நேர்த்தியைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். முதலில் ஸ்கிரீன்ஷாட். அதுதான் அவருக்கு ரசீது. அடுத்து வெட்டு. சம்பந்தப்பட்ட ஆள் அதற்கு முன்னால் என்ன சொன்னான், பின்னால் என்ன சொன்னான், யாருக்குப் பதிலாகச் சொன்னான் என்பதெல்லாம் நறுக்கென்று போய்விடும். நடுவில் குற்றம் மட்டும் மிஞ்சும், தோல் உரித்த பலாச்சுளை மாதிரி. பிறகு தலைப்பு. 'இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்' என்று எழுதினால் பத்துப் பேர் படிப்பார்கள். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ட்வீட்களை அலசி 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சர்ச்சையான விஷயங்களில், நியாய அநியாயமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒன்று கூடினால் பதிவு பரவுவது சுமார் 20 சதவீதம் கூடுகிறதாம். கண்டனூரார் அதைப் படித்ததில்லை. அவருக்கு அது கைப்பக்குவம். 'வெட்கக்கேடு' ஒரு சிட்டிகை, 'மனிதமற்ற' ஒரு கரண்டி, கடைசியில் 'காறித் துப்பத் தோன்றுகிறது' என்று தாளிப்பு.

பரிமாறுவதில்தான் கொஞ்சம் சிரமம். வாட்ஸ்ஆப்பில் ஒரே நேரத்தில் 5 இடத்துக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று 2018-ல் இந்தியாவில் கட்டுப்பாடு வந்ததில் அவருக்கு வருத்தம். அவர் இருப்பது 37 குழுக்களில். வெற்றிலை எண்ணுகிறவர் மாதிரி ஐந்தைந்தாக அடுக்கி, எட்டு நடையில் முடிப்பார். எட்டாவது நடையில் இரண்டுதான் இருக்கும். அது சம்பந்தி வீட்டுக் குழுவும், திருத்துறைப்பூண்டி பள்ளித் தோழர் குழுவும்.

சில நேரம் அவர் பிடிப்பது உண்மையாகவே பிடிக்க வேண்டிய ஆள்தான். சாதிப் பெயர் சொல்லித் திட்டினவனை, பெண்களை மிரட்டினவனை அவர் விரட்டியபோது நானே "சபாஷ்" போட்டிருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், அவர் தராசில் இருப்பது ஒரே எடைக்கல். ஐந்து கிலோ. கட்சித் தலைவர் மேடையில் உளறினாலும் அதுதான். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் கிரிக்கெட் தோற்ற கடுப்பில் உளறினாலும் அதுதான். கால் கிலோ, நூறு கிராம் கல்லெல்லாம் அவர் வாங்கவே இல்லை. தலைவருக்கு அந்தக் கல் கால் தூசு. பையனுக்கு?

இன்னொரு வித்தையும் உண்டு. அந்த ஆள் எங்கே வேலை பார்க்கிறான் என்று தேடிப் பிடித்து, நிறுவனத்தை டேக் செய்து, "இவர் உங்கள் ஊழியரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்" என்று இரண்டு வரி போடுவார். அந்தச் 'சும்மா'வில் இரண்டு பேருக்கு வேலை போனதாகக் கேள்வி. அது அவருக்குத் தெரியுமா என்றால், தெரியாது. அதற்குள் அடுத்த ரசீது வந்திருக்கும்.

கருத்துச் சுதந்திரம் என்றால் மனுஷன் உருகிவிடுவார் என்பதையும் சொல்ல வேண்டும். 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்து மும்பை அடங்கிக் கிடந்தபோது, பக்கத்தில் பால்கரில் ஓர் இளம்பெண் 'இந்த பந்த் எதற்கு' என்கிற மாதிரி முகநூலில் எழுதினார். அவருடைய தோழி செய்ததெல்லாம் அதற்கு ஒரு லைக் போட்டதுதான். இரண்டு பேரையும் கைது செய்தார்கள். உறவினரின் மருத்துவமனையை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அப்படிப்பட்டது: எரிச்சலூட்டும்படி எழுதினாலே 3 வருஷம் வரை சிறை. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கண்டனூரார் குரல் கம்மும். "லைக்குக்கு ஜெயில் சார்! என்ன நாடு இது?" என்பார். நான் வாயைத் திறப்பதில்லை. என் மனசுக்குள் ஒரு கணக்கு மட்டும் ஓடும்: அந்தப் பிரிவிலாவது 3 வருஷம் என்று ஒரு மேல்வரம்பு இருந்தது.

அந்தக் காலத்தில் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள் என்கிறோம். கொடுமைதான். ஆனாலும் ஊர் எல்லை வந்ததும் இறக்கிவிட்டாக வேண்டும்; கழுதைக்கும் பசிக்கும். இப்போதைய கழுதைக்குப் பசி, தாகம், ஊர் எல்லை ஒன்றும் கிடையாது. ட்விட்டரில் ரீட்வீட் பட்டன் 2009-ல் வந்தது. அதற்கு முன்பு அடுத்தவர் எழுதியதைப் பரப்ப வேண்டுமானால் காப்பி செய்து, ஒட்டி, 'ஆர்.டி.' என்று தட்ட வேண்டும். அந்தப் பத்து விநாடியில் அடுப்பில் பால் பொங்கினால்கூட ஓர் ஆள் தப்பித்துவிடுவான். அந்தப் பட்டனை உருவாக்கிய குழுவின் தலைவரான கிறிஸ் வெதரெல், நாலு வயசுக் குழந்தை கையில் தோட்டா போட்ட துப்பாக்கியைக் கொடுத்துவிட்டோமோ என்று பிற்பாடு, 2019-ல், நொந்துகொண்டார். எங்கள் குழந்தைக்கு வயது அறுபத்துநாலு.

சரி, இதையெல்லாம் சொல்லவைத்த பஜ்ஜிக் கதைக்கு வருகிறேன்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணை சதுப்புநிலம் தன் பழைய பட்டாவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்த நாள். விடிகாலையில் கரண்ட் போனது. எட்டு மணிக்குக் கண்டனூரார் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர். தரைத்தளத்துக் குடும்பங்கள் எல்லாம் மேலே ஏறின. மூன்றாம் மாடியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். அங்கே மட்டும் இன்வெர்ட்டர் இருந்தது. ஃபேன் கூடாது, லைட் கூடாது, போனுக்கு மட்டும் என்று அந்தப் பெண் சட்டம் போட்டு, ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒன்பது போன் தொங்கிக்கொண்டிருந்தன. ஃப்ரிட்ஜ் ஓடாததால் காய் வீணாகப்போகிறது என்று அம்மா வாழைக்காயை எல்லாம் சீவிப் போட்டு பஜ்ஜி சுட்டார். பன்னிரண்டு பேர் தரையில் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். "சார், இன்னும் ரெண்டு போட்டுக்குங்க, சூடு ஆறிடும்" என்று கண்டனூராருக்குத் தனி உபசாரம். வீட்டில் தண்ணீர் புகுந்தவராயிற்றே.

அந்தப் பெண் தட்டைப் படம் எடுத்தாள். ஜன்னலோரம் போய், டவர் ஒரு கோடு காட்டிய நேரத்தில், 'மழை, பஜ்ஜி, ராஜா பாட்டு. வேறென்ன வேணும்!' என்று போட்டாள். ராஜா பாட்டு எங்கே பாடியது என்று கேட்காதீர்கள். இருக்கிற சார்ஜுக்கு யாரும் பாட விடவில்லை. வயசுப் பெண், ஒரு தாளத்துக்குச் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் மழை விட்டது, தண்ணீர் விடவில்லை. டவர் வந்தது. அதோடு அந்தப் பதிவும் துபாய், நியூ ஜெர்சி எல்லாம் சுற்றிவிட்டு, பெயர் வெட்டப்பட்டு, பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் ஒரு பாட்டியின் படம் ஒட்டப்பட்டு, எங்களிடமே திரும்பி வந்தது. கண்டனூராரின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. 'ஊரே மூழ்கும்போது பஜ்ஜி தின்னும் ஈரமற்ற ஜென்மங்கள்! வெட்கக்கேடு!!' என்று எழுதி, ஐந்தைந்தாக அனுப்பினார். நான் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். என் போனிலும் வந்தது. சரியாகப் படிக்காமல் ஒரு கோப முகத்தைத் தட்டிவிட்டு ஓரமாக வைத்தேன். நாங்கள் இருந்தது அதே மூன்றாம் மாடி ஹால். முந்தின நாள் வாழைக்காய், அன்றைக்கு வெங்காயம். அவர் டைப் செய்த கட்டைவிரலில் எண்ணெய் இருந்தது.

அவர் மனைவிதான் முதலில் பார்த்தார். படத்தைப் பெரிசாக்கினார். தட்டின் ஓரத்தில் ஒரு கை. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, பழைய ஹெச்.எம்.டி. வாட்ச்.

"ஏங்க, இது உங்க கைதானே?"

கண்டனூரார் வாட்சைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். படத்தில் மணி பதினொன்றே கால். கையிலிருந்த பஜ்ஜியை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

அனுப்பியதை எல்லோரிடமிருந்தும் அழிக்க வாட்ஸ்ஆப் இரண்டரை நாள் அவகாசம் தருகிறது. முப்பத்தேழு குழுவிலும் ஒவ்வொன்றாக அழித்தார். அழிப்பதில் ஐந்தைந்து சலுகை கிடையாது. அழித்த இடத்திலெல்லாம், "சார், என்ன சார் அழிச்சீங்க?" என்று ஆர்வமாகக் கேள்வி வந்தது. சம்பந்தி மட்டும் கேட்கவில்லை. அவர் ஏற்கனவே அறுபது பேருக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

அதற்குள் வெட்டின பெயரை யாரோ தேடி எடுத்து, கம்பெனியிடம் 'சும்மா' கேட்டும்விட்டார்கள். ஹெச்.ஆர். அந்தப் பெண்ணிடம் விளக்கம் கேட்டு மெயில் அனுப்பியது.

நாலாம் நாள் தண்ணீர் வடிந்து, வீட்டுச் சேற்றை வழித்துப் போட்ட பிறகு, பஜ்ஜி வந்த தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கண்டனூரார் மேலே போனார். வெறும் தட்டைக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு வாழைப்பழம் வைத்திருந்தார். என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் கண் வீங்கிக் கதவைத் திறந்தாள்.

"அங்கிள், நீங்க கவர்ன்மென்ட்ல லெட்டர் எல்லாம் எழுதினவங்க. எனக்கு ஒரு மன்னிப்பு டிராஃப்ட் பண்ணித் தர்றீங்களா? நான் எழுதுனா வேற ஏதாச்சும் தப்பாயிடுமோன்னு பயமா இருக்கு."

தெரிந்துதான் கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று அவள் முகத்தை இரண்டு தடவை பார்த்தேன். பிடிபடவில்லை. கண்டனூரார் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். அவர் அவ்வளவு சிரமப்பட்டு எழுதி நான் பார்த்ததில்லை.

'04.12.2023 அன்று என்னால் பதிவேற்றம் செய்யப்பட்ட பஜ்ஜி தொடர்பான பதிவின் மீது எழுப்பப்பட்ட ஆட்சேபணைகள் பணிவுடன் ஏற்கப்படுகின்றன. மேற்படி பஜ்ஜியானது வீட்டில் தண்ணீர் புகுந்தவர்கள் உட்படப் பன்னிரண்டு நபர்களுக்கு வழங்கப்பட்டதாகும். எவர் மனமும் புண்பட்டிருப்பின் வருந்துகிறேன். இத்தகைய பதிவுகள் இனிவரும் காலங்களில் தவிர்க்கப்படும்.'

அந்தப் பெண் ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டுவிட்டாள். நாங்கள் மூவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாவது நிமிஷம் முதல் பின்னூட்டம் வந்தது.

'மன்னிப்பில் ஈரமே இல்லை. ரிட்டயரான கிளார்க் எவனோ எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.'

"கிளார்க்கா?" என்றார் கண்டனூரார்.

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இவன் எங்கே வேலை பார்க்கிறான்?"