அத்தையின் தூக்கம்

காளான் வளர்க்கிற வீட்டிலிருந்து குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாது. 2000-களில் எங்கள் தொண்டாமுத்தூர்ப் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாராவது ஒருவர் வீட்டில் தங்கியே ஆகவேண்டும். அந்த ஒருவர் எப்போதும் பெண்ணாகத்தான் இருப்பார். எங்கள் வீட்டில் அது என் மாமியார். நான் மருமகளாக வந்தபோதே அத்தை சிப்பிக்காளானில் கைதேர்ந்தவராக இருந்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மாதந்தோறும் நடக்கிற ஒருநாள் பயிற்சிக்குப் போய்த் தொழில் கற்று, வித்துப் பைகளைக் கட்டைப்பையில் போட்டு டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர்.

பின்கட்டில் தென்னங்கீற்று வேய்ந்த குடில். தரையில் மணல் பரப்பி, சுற்றிலும் கோணிச்சாக்குத் தொங்கவிட்டிருக்கும். வைக்கோலை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். எந்த அளவுக்கு உலர்ந்தால் போதும் என்பதைப் பயிற்சியில் 65 சதவீத ஈரம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அத்தை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிவார். சொட்டுக்கூட விழக்கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். அந்தப் பதம் வந்த பிறகுதான் பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு வித்து என்று படுக்கை போட உட்கார்வோம். பதினைந்து இருபது நாளில் பை முழுக்க வெள்ளையாகப் பூசணம் ஓடிவிடும். பிறகு உறி கட்டித் தொங்கவிட்டுக் காளான் வர விடுவோம்.

பகல் வேலையெல்லாம் இதோடு முடிந்துவிடும். இரவு வேலை என்று ஒன்று இருந்தது. அதை யாரும் வேலை என்று சொன்னதில்லை.

மொட்டு விடுகிற சிப்பிக்காளானுக்குக் காற்றில் 80 முதல் 90 சதவீதம் ஈரம் வேண்டும். வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். நல்ல காற்றும் வேண்டும், ஏனென்றால் காளானும் நம்மைப் போல ஆக்ஸிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. அடைத்து வைத்த குடிலில் அந்த வாயு 1000 பிபிஎம்மைத் தாண்டினால் காளானின் உருவமே மாறத் தொடங்கும். அத்தைக்கு பிபிஎம் தெரியாது. "தலை சிறுத்துக் காலு நீண்டுதுன்னா உள்ள மூச்சு முட்டுதுன்னு அர்த்தம் கண்ணு" என்பார். அறிவியலும் அதையேதான் சொல்கிறது.

காற்றும் ஈரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். இதுதான் இந்தத் தொழிலின் சிக்கல். கதவைத் திறந்து காற்று விட்டால் ஈரம் போய்விடும். ஈரம் காக்கக் கதவைச் சாத்தினால் வாயு தேங்கும். திற, சாத்து, தெளி, மறுபடி திற என்று இரவு பகல் பார்க்காமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் நனைத்த சாக்கு இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். நள்ளிரவிலும் விடிகாலையிலும் அத்தை டார்ச் லைட்டும் கைத்தெளிப்பானுமாக எழுந்து போவார். குடில் கம்பத்தில் இரட்டை வெப்பமானி ஒன்று தொங்கும். அதில் ஒரு குமிழுக்கு ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டு குமிழும் காட்டுகிற வித்தியாசத்தைப் பார்த்து, பக்கத்தில் ஒட்டிய அட்டவணையில் ஈரத்தின் அளவைக் கண்டுபிடிப்பார். சில வருடங்களுக்குப் பிறகு அந்த அட்டவணை அவருக்குத் தேவைப்படவில்லை. கதவைத் திறந்ததும் முகத்தில் படுகிற காற்றே போதுமானதாக இருந்தது.

2012-ல் மின்வெட்டு வந்தது. கோவை மாவட்டத்தில் பல நாட்கள் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. குடிலில் இருந்த ஒரே ஒரு மின்விசிறியும் நின்றுபோனது. அத்தை பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு கதவருகே உட்கார்ந்து விசிறியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதே வீட்டில், அதே காலத்தில், என் மாமனாரின் தூக்கத்துக்கு வழி பிறந்திருந்தது. தோப்புக்கு மும்முனை மின்சாரம் இரவில் எப்போது வரும் என்று தெரியாது. வந்ததும் எழுந்து போய் மோட்டார் போட வேண்டும். பாம்பு, பூச்சி, யானை என்று அத்தனை பயமும் உண்டு. சிறுவாணி மலை எங்களுக்கு எதிரே இருக்கிறது. இந்தச் சிரமம் நாடு முழுக்க உழவர்களுக்குத் தெரிந்ததுதான். புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் கைபேசியால் பம்பை இயக்குகிற 'நானோ கணேஷ்' கருவியை உருவாக்கியது இதற்காகத்தான். கோவை பம்புசெட்டுக்குப் பெயர்போன ஊர். இங்கே மொபைல் ஸ்டார்ட்டர் கடைக்குக் கடை கிடைத்தது. சிம் கார்டு போட்ட ஒரு பெட்டி. கட்டிலில் படுத்தபடி மாமா போன் போட்டால் அரை மைல் தள்ளி மோட்டார் ஓடும். மும்முனை வந்தால் பெட்டியே அவருக்குச் செய்தி அனுப்பும்.

மோட்டாருக்குப் போவதும் குடிலுக்குப் போவதும் ஒரே வேலைதான். இருட்டில் எழுந்து போய் ஒரு பொத்தானை அழுத்தி, கொஞ்ச நேரம் காத்திருந்து, நிறுத்திவிட்டு வருவது. ஆனால் மாமாவின் நடைக்குக் கருவி வந்து பல வருடம் கழித்தே அத்தையின் நடைக்குக் கருவி வந்தது. தொழில்நுட்பம் இல்லாததால் வந்த தாமதம் என்று என்னால் சொல்ல முடியாது. பம்பு ஓட்டுவதை ஒரு பிரச்சினையாக ஊரே பார்த்தது. குடிலைப் பார்த்துக்கொள்வதை வீட்டுப் பெண்ணின் பழக்கமாக எண்ணியது. பிரச்சினை என்று பெயர் வைத்தால்தான் ஒருவர் கருவி செய்வார், இன்னொருவர் காசு கொடுத்து வாங்குவார்.

2014-ல் ஷாங்காயின் எஸ்பிரெஸிஃப் நிறுவனம் இஎஸ்பி8266 என்ற சின்னஞ்சிறு சிப்பை வெளியிட்டது. வைஃபை உள்ள ஒரு கருவியைச் சில நூறு ரூபாயில் செய்ய முடியும் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது. இன்று கடையில் கிடைக்கிற மலிவான ஸ்மார்ட் ஸ்விட்ச்சுகள் பலவும் அந்த வழியில் வந்தவை. கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த என் மகன் விடுமுறைக்கு வந்தபோது, "அப்பத்தா, நீங்க ராத்திரி எந்திரிக்கிற நேரத்தை எல்லாம் சொல்லுங்க" என்று நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தான். அத்தை சொல்லச் சொல்ல எழுதினான். எத்தனை மணிக்குத் தெளிப்பு, எவ்வளவு நேரம், மழை நாளில் என்ன குறைப்பு, மொட்டு வந்த முதல் மூன்று நாளில் ஏன் காளான் மேல் நேராகத் தண்ணீர் படக்கூடாது என்று எல்லாம் வந்தது. ஒரு கருவிக்கு விதிமுறை எழுத உட்கார்ந்தபோதுதான் அத்தைக்குத் தெரிந்தது எவ்வளவு என்று எங்கள் வீட்டில் முதல்முறையாகக் காகிதத்தில் ஏறியது.

இப்போது குடிலில் தண்ணீரைப் பனிமூட்டம் போலத் தெளிக்கிற ஒரு ஃபாகர், இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன், வரிசையாக எல்இடி விளக்கு. எல்லாவற்றுக்கும் ஸ்விட்ச் உண்டு. ஆனால் ஸ்விட்ச் எதுவும் குடிலுக்குள் இல்லை. ஈரத்தில் கரண்ட் வேலை ஆபத்தானது. தண்ணீர் புகாத பெட்டியை வெளிச்சுவரில் அறைந்து எல்லாவற்றையும் அதற்குள் வைத்தோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டிக்கிற ஆர்சிசிபியும் அதில் இருக்கிறது. வெளியே வைத்ததில் இன்னொரு நன்மை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஈர வைக்கோல் பைகள் நன்றாக உறிஞ்சிவிடும், தகரம் திருப்பிவிடும். உள்ளே வைத்த கருவிக்குச் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். சென்சாரை மட்டும் ஒயர் இழுத்துப் பைகளின் உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம்.

ஃபாகருக்குத் தண்ணீர் தள்ளுகிற மோட்டாரை ஸ்மார்ட் ஸ்விட்ச்சில் நேரடியாக மாட்டக்கூடாது. பத்து ஆம்பியர் என்று அதன்மேல் அச்சிட்டிருந்தாலும், மோட்டார் கிளம்புகிற நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். உள்ளே இருக்கிற சின்ன ரிலே ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது, குடில் குளமாகிவிடும். எனவே ஸ்விட்ச், மோட்டாரின் இழுப்பைத் தாங்குகிற பெரிய ரிலேயான ஒரு கான்டாக்டரை இயக்கும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கும். ஈரம் 82-க்குக் கீழே போனால் ஃபாகர் ஓடும், 90 தொட்டால் நிற்கும். 85 என்று ஒரே எண்ணை வைத்தால் நிமிடத்துக்கு நாலு தரம் போட்டு அணைத்துக்கொண்டே இருக்கும். இந்த இடைவெளியும் அத்தை சொன்னதுதான். சாக்கு முழுக்கக் காய்வதற்கு முன்பே நனைக்க வேண்டும், சொட்டுகிற வரை நனைக்கக் கூடாது என்பார்.

ஆரம்பத்தில் வாங்கிய ஸ்விட்ச்சுகள் எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிற சர்வரைக் கேட்டுக் கேட்டு வேலை செய்கிறவை. ஒரு கோடையில் அந்தச் சர்வர் நின்றுபோனது. பத்தடி தள்ளி இருக்கிற ஃபேனை எங்கள் போனால் போட முடியவில்லை. கம்பெனிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை. இப்போது எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சென்சாரும் ஸ்விட்ச்சும் வீட்டில் இருக்கிற ஒரு சின்னக் கணினியோடு பேசிக்கொள்கின்றன, இணையம் அறுந்தாலும் கவலையில்லை. அவை பேசுகிற முறைக்கு எம்க்யூடிடி என்று பெயர். ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் 1999-ல் எண்ணெய்க் குழாய்களைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்காக உருவாக்கியது. குறைந்த மின்சாரத்தில், மோசமான இணைப்பில் வேலை செய்ய வேண்டும் என்று வடிவமைத்ததால் எங்கள் ஊர் நிலைமைக்கு நன்றாகவே பொருந்துகிறது. கரண்ட் போய் வந்தால் ஒவ்வொரு ஸ்விட்ச்சும் எந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் அந்தந்த ஸ்விட்ச்சிலேயே அமைத்திருக்கிறோம். ஃபேன் ஓட வேண்டும், ஃபாகர் ஓடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியின் பக்கவாட்டில் கையால் போடுகிற பழைய ஸ்விட்ச்சும் உண்டு. அதை விட்டுவிட்டு யாரும் குடில் கட்டக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த இரட்டை வெப்பமானி இன்னும் தொங்குகிறது. பனிமூட்டத்தில் நனைந்த சென்சார், காற்று உலர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் 99 என்றே சொல்லும். வருடக்கணக்கில் ஈரத்தில் இருந்தால் கணக்கு தப்பவும் செய்யும். மாதம் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். சந்தேகம் வந்தால் வெப்பமானி சொல்வதைத்தான் நம்புகிறோம்.

விளைச்சல் கூடியதா என்று குடில் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கூடியிருக்கிறது. கோடையில் குடிலை மூடிப்போட வேண்டியதில்லை. வெயில் உச்சத்தில் சிப்பிக்காளானை விட்டுப் பால்காளானுக்கு மாறிவிடுகிறோம். மேற்கு வங்கத்தில் 1974-ல் கண்டறிந்து விவரித்த காளான் அது, 30 முதல் 35 டிகிரியில் நன்றாக வரும். 1998-ல் நம் வேளாண் பல்கலைக்கழகம் ஏபிகே 2 என்ற ரகமாக வெளியிட்டது. பயிர் மாறினால் மகன் எழுதிய விதிமுறையில் எண்களை மாற்றினால் போதும்.

ஆனால் நான் முதலில் சொல்வது அத்தையின் நெஞ்சைப் பற்றித்தான். முற்றிய சிப்பிக்காளான் புகை போல விதைத்தூளைக் கொட்டும். விடிகாலையில் குடிலுக்குள் டார்ச் அடித்தால் வெளிச்சக் கற்றைக்குள் அது மிதப்பது தெரியும். வருடக்கணக்கில் அதைச் சுவாசிக்கிற காளான் தொழிலாளர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை வரும் என்பது மருத்துவத்தில் நன்கு அறிந்த விஷயம். சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு அறுவடைக்குப் போன அத்தைக்குத் தை மாதம் முழுக்க இருமல் இருக்கும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் கொடுத்தார்கள். இப்போது அறுவடைக்கு இருபது நிமிடம் முன்பே எக்ஸாஸ்ட் தானாக ஓடிக் காற்றை மாற்றிவிடுகிறது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, காளானின் ஓரம் மேலே சுருளும் முன்பே பறித்துவிடுகிறோம். அத்தையின் இருமல் குறைந்தது. இரவு முழுக்கத் தூங்குகிறார். பகலில் தோன்றும்போதெல்லாம் குடிலுக்குள் போய் ஒவ்வொரு பையாகத் திருப்பிப் பார்க்கிறார். பச்சைப் பூசணம் விழுந்த பையைச் சென்சார் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. அவர் கண்டுபிடிக்கிறார். தெளிக்கவும் திறக்கவும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி நின்று பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை.

மகளிர் குழுக்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள், கடன் வாங்கித் திட்டம் போடுகிறார்கள். வைக்கோலுக்கு இவ்வளவு, வித்துக்கு இவ்வளவு, பைக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டு, குடும்ப உழைப்பு என்ற வரிக்கு நேரே கோடு போட்டு விடுகிறார்கள். அந்தக் கோட்டில் பேனாவை வைத்து நிறுத்தச் சொல்கிறேன். இரவில் எழுவது யார், எத்தனை முறை என்று எழுதுங்கள், அதற்குக் கூலி போடுங்கள் என்கிறேன். எழுதிப் பார்த்தால் சென்சாரும் ஸ்விட்ச்சும் கான்டாக்டரும் ஆடம்பரமாகத் தெரிவதில்லை. முதல் ஐம்பது பையோடு அதையும் வாங்கிவிடுங்கள், அடுத்த ஐம்பது பை லாபத்தில் வரட்டும். மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் வாங்க யாரும் யோசிப்பதில்லை, குடிலுக்கும் யோசிக்காதீர்கள்.