கம்மாய்க் கேப்டன்

புதுக்கோட்டை மாவட்டத்தில் குளமும் கண்மாயும் ஏந்தலும் சேர்த்து 5,000-க்கு மேல் இருக்கின்றன. கார்த்திகையில் தண்ணீர் நிற்கும்போது அவற்றுக்கு ஆயக்கட்டுக்காரர்கள் உண்டு, மீன்பாசி ஏலம் எடுத்தவர் உண்டு, அதிகாரிகள் உண்டு. பங்குனியில் தரை தெரிந்ததும் இவர்கள் எல்லாரும் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் கரையிலிருந்து உள்ளே இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலு திசையும் பார்ப்பார். பட்டா, சிட்டா எதுவும் அவர் பெயரில் கிடையாது. ஆனாலும் அடுத்த மழை வரைக்கும் அந்த நிலம் அவருடையது. அவர்தான் கம்மாய்க் கேப்டன். ஆலங்குடி, அறந்தாங்கி, கந்தர்வகோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் ஊருக்கு ஒருவர் கிடைப்பார்.

வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மேலே டீம் ஜெர்சி. முதுகில் 7-ஆம் எண், அதற்கு மேலே மகள் பெயர். நெஞ்சில் ‘அன்பளிப்பு: சிங்கப்பூர் வாழ் நண்பர்கள்’. கீழே மடித்துக் கட்டிய கைலி. டிராக் பேன்ட் ஃபைனலுக்கு மட்டும். பகலில் டிராக்டரோ, போர்வெல்லோ, சிமென்ட் கடையோ ஏதோ ஒரு பிழைப்பு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டார். டீமில் பாதிப் பேர் அவர் வயதில் பாதிகூட இல்லாதவர்கள். ஒருவன் அண்ணே என்பான், ஒருவன் மாமா, இன்னொருவன் சித்தப்பா. எல்.பி.டபிள்யூ. கொடுத்துவிட்டால் மட்டும் எல்லா முறையும் கலைந்து ஒரே குரலில் “யோவ்!”

வெளியூர் டீமை அழைப்பதில்தான் அவர் திறமை இருக்கிறது. “வந்து பாரு மாப்ள, ஊட்டி மாதிரி இருக்கும்” என்பார். பொய்யும் இல்லை. கரை நெடுக பனைமரம். மேற்கே தைலமரக் காடு. கிழக்கே அய்யனார் கோயில் காடும் வரிசை கட்டிய மண் குதிரைகளும். தெற்கே, கிட்டப் போகாதவரை, பச்சைப் பசேலென்று சீமைக்கருவை. ஒரு காலத்தில் விரலிமலை முருகனோடு நின்றுகொண்ட மயில்கள் இப்போது மாவட்டம் பூராவும் இறங்கிவிட்டதால், லாங் ஆனில் எப்போதும் நாலைந்து உலாவும். காலைப் பனியில் இத்தனையையும் சேர்த்துப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைப்பார். பார்க்கிறவனுக்கு உடனே பேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பத் தோன்றும். அவர் எடுத்த எந்தப் படத்திலும் தரை தெரிந்ததில்லை.

வேனில் வந்து இறங்குகிற டீம்தான் தரையைப் பார்க்கும். நெருஞ்சி, கருவமுள், காய்ந்து பாளமாக வெடித்த வண்டல், வண்டல் அள்ளிய பள்ளம், பாட்டில் சில்லு, மாட்டுச் சாணம். பிட்ச் என்று அவர் காட்டுகிற இடத்தில் மட்டும் செம்மண் கொட்டித் தண்ணீர் தெளித்திருக்கும். அதிலும் குட் லெங்த்தில், ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு சாண் வெளியே, ஒரு மரத்தூர் துருத்திக்கொண்டு நிற்கும்.

அந்தத் தூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்றைக்கோ வெட்டிய தைலமரத்தின் மிச்சம் அது. தைலமரத்தை அடியோடு வெட்டினாலும் தூரிலிருந்து மறுபடி துளிர்த்துச் சில வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும். காகிதக் கூழுக்கு அதை விரும்பி வளர்ப்பது இதனால்தான். புதுக்கோட்டை தனி மாவட்டமான 1974-ஆம் ஆண்டில்தான் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகமும் தொடங்கியது. இரண்டும் சேர்ந்தே வளர்ந்ததில் இங்கே தைலக்காடு இல்லாத திசை குறைவு. நிலத்தடி நீரை இந்த மரம் உறிஞ்சிவிடுகிறது என்று விவசாயிகள் நெடுநாளாகப் போராடுகிறார்கள். நம் கேப்டனும் விவசாயிதான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மரத்தை அகற்றச் சொல்லும் மனுவில் அவர் கையெழுத்தும் இருக்கும். முந்தின நாள் அதே மரத்து நிழலில்தான் டிரிங்ஸ் பிரேக் விட்டிருப்பார்.

தூருக்கு வருவோம். வெளியூர் பவுலருக்கு அது தொந்தரவு. பந்து அதில் பட்டால் கீப்பர் தலைக்கு மேல் போய் நாலு ரன். கேப்டனுக்கு அது பத்து வருஷப் பழக்கம். மூன்றடி ஓடி வந்து மெதுவாகப் போடுவார். பந்து தூரின் இடது விளிம்பை உரசித் திரும்பி லெக் ஸ்டம்பைத் தட்டும். பேட்ஸ்மேன் தூரைப் பார்ப்பான், பந்தைப் பார்ப்பான், அம்பயரைப் பார்ப்பான். அம்பயர் கேப்டனின் மச்சினன்.

“அந்தக் கட்டையப் பிடுங்கக் கூடாதாண்ணே?” என்று கேட்காத டீம் கிடையாது.

“எங்கப்பா ஆளு கிடைக்குது” என்பார் வருத்தமாக.

ஆள் கிடைத்தது. கண்மாய் தூர் வார ஜேசிபி வந்தபோது டிரைவர் தானாகவே, “ஒரே இழுப்புல வந்துரும்ணே” என்றார். கேப்டன் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்து, அந்தப் பக்கமே வண்டி திரும்பாமல் பார்த்துக்கொண்டார். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் நெருஞ்சியைச் செதுக்கட்டுமா என்று கேட்டார்கள். “ஓரமா மட்டும் செதுக்குங்கத்தா. தேர்டு மேன் பக்கம் கொஞ்சம் கிடக்கட்டும். நம்ம பயலுக அங்கிட்டு நிக்க மாட்டாய்ங்க.” 2024-இல் ஊராட்சிகளுக்கு அரசு கொடுத்த விளையாட்டு உபகரணத் தொகுப்பு இந்த ஊருக்கும் வந்தது. அதில் வந்த புது ஸ்டம்பை ஊன்றினார். தூரை விட்டுவிட்டார்.

ஐ.சி.சி. விதிகள் இங்கே கரையோடு நின்றுவிடும். டாஸுக்கு முன்னால் கேப்டன் தன் விதிகளைக் கடகடவென்று ஒப்பிப்பார். அய்யனார் காட்டுக்குள் அடித்தால் அவுட். செருப்போடு உள்ளே போய்ப் பந்து எடுப்பது யார்? குளமங்கலத்தில் பெருங்காரையடி மிண்ட அய்யனாருக்குப் பெரிய குதிரை நிற்கிறது, மாசி மகத்துக்கு ஆள் உயரத்தையெல்லாம் தாண்டிக் காகிதப்பூ மாலை ஏறும். நம் ஊர்க் குதிரை அந்த அளவு இல்லாவிட்டாலும் கோபம் ஒன்றுதான் என்பார். பிட்சுக்குள் மயில் வந்தால் டெட் பால். ஒரு முறை மயில் வந்த பந்தில் அவரே போல்டு ஆனார். ‘1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம்’ என்று எங்கோ கேட்டதை எடுத்துப் போட்டு, மறுபடி ஸ்டான்ஸ் எடுத்துவிட்டார். மரத்தில் பட்டு வருகிற பந்தைப் பிடித்தால் அவுட்டா இல்லையா என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார். பிடித்தது யார் என்று பார்த்துச் சொல்வார்.

பந்து தொலைந்தால்தான் அவர் நாடகம் உச்சத்துக்குப் போகும். சீமைக்கருவைக்குள் பந்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் இரண்டு ரன் டிக்ளேர். தெரிந்தால் ஓடுகிற வரைக்கும் ரன். எதிர் டீம் அடித்த பந்து உள்ளே போனால், மறு நொடி எல்லைக்கோட்டிலிருந்து பையன் கத்துவான்: “காணோம்ணே!” பந்து மஞ்சளாக அவன் காலடியில் கிடக்கும். இவர் டீம் அடித்தால், கேப்டனே கரை மேல் ஏறி நின்று கை நீட்டுவார். “அந்தா தெரியுதுல்ல தம்பி... அந்த முள்ளுக்குக் கீழ... இன்னும் உள்ள... ஓடுங்கடா, ஓடுங்கடா!” தம்பி கைச் சட்டை கிழியத் தவழ்ந்துகொண்டிருக்கும்போது இங்கே ஆறு ரன் ஓடி முடித்திருப்பார்கள்.

ஆடி மாதம் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து நடக்கும். எழுதிய மொய் என்றைக்காவது கூடுதலாகத் திரும்பும். வாங்கிய மொய்யைத் திருப்பாத ஒரே பங்காளி இந்தக் கருவைதான். அதுவும் கரிமூட்டம் போட ஆள் வந்து கருவையை வெட்டும் வருஷத்தில் கொஞ்சம் கக்கும். வெளுத்த பந்து, வெடித்த பந்து, எறும்பு குடியேறிய பந்து என்று உரச்சாக்கில் பொறுக்கி வருவார். ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, “இது செமி ஃபைனல்ல போனது. இது நம்ம ராசு கல்யாணத்துக்கு முந்துன வாரம்” என்று சொல்லும்போது குரலில் கேலி இருக்காது. அந்தச் சாக்கு அவர் வீட்டு நெல் குதிருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனைவியிடம் கேட்டுப் பாருங்கள், வேறு கதை சொல்வார்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது, தென்னையும் பலாவும் சாய்ந்து ஊரே இடிந்து உட்கார்ந்திருந்தது. கேப்டனின் தென்னந்தோப்பும் போனது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. தண்ணீரும் மின்சாரமும் இல்லாத அந்த நாட்களில் இளவட்டங்களைச் சேர்த்துக்கொண்டு ரோட்டில் கிடந்த மரங்களை அறுத்துத் தள்ளினார். கரையில் சாய்ந்து கிடந்த பெரிய புளியமரத்துக்கு வந்ததும் ரம்பத்தை நிறுத்தச் சொன்னார். “இது கிடக்கட்டும்டா. காலரி இல்லாம இருந்துச்சுல்ல.” இன்றைக்கும் அதன் மேல்தான் பெரியவர்கள் உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறார்கள். சிங்கப்பூர் நண்பர்கள் வீடியோ காலில். அங்கிருந்து வருகிற முதல் கேள்வி, “அந்தக் கட்டைய இன்னுமா எடுக்கல?”

உலக ஞானம் சொல்லி இவரை மடக்க நினைப்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் கேன்டர்பரி மைதானத்தில் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே ஒரு லைம் மரம் நின்றது, பந்து அதில் பட்டால் நாலு ரன், 2005 ஜனவரிக் காற்றில் அது முறிந்தபோது செய்தியானது என்று ஒரு காலேஜ் பையன் சொன்னான். கேப்டன் அசரவில்லை. “ஒத்தை மரத்துக்கா இம்புட்டுப் பெருமை? நம்மட்ட லெவனே நிக்குது.”

இன்னொரு நாள் அதே பையன் டிஸ்க் கோல்ஃப் பற்றிச் சொன்னான். அமெரிக்கர்கள் மரங்களுக்கு நடுவே தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டம். 1975-இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அதற்கு முதல் நிரந்தர மைதானம் அமைத்தவர் எட் ஹெட்ரிக். 2002-இல் அவர் காலமானதும், அவர் ஆசைப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். ‘கிறுக்கன்’ என்று கேப்டன் சிரிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நமக்கு அது தோது வராதுப்பா. பந்துல வச்சா முத ஓவர்லயே கருவைக்குள்ள போயிருவேன்” என்றார்.

அந்தப் பக்கம் ஆட வருகிறவர்களுக்கு நான்கு வார்த்தை. டாஸ் ஜெயித்தால் பேட்டிங் எடுங்கள். சாயங்காலம் வெயில் தைலக்காட்டுக்குள் இறங்கிவிட்டால் பந்து எந்த மரத்திலிருந்து வருகிறதென்று தெரியாது. ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். பந்து கூடுதலாக வாங்கி வாருங்கள். தூரைப் பிடுங்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்.