கருப்பனுக்குக் கிடா, கருத்தவளுக்குக் கேலி

2017 ஏப்ரலில் தமிழ்நாட்டுக்கு வந்த கோபத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கும்பல் கூடி அடித்ததைப் பற்றி அல்ஜசீரா தொலைக்காட்சியில் விவாதம். இந்தியனுக்கு நிறவெறியே கிடையாது என்று வாதாடப் போன பா.ஜ.க.வின் தருண் விஜய், நிறவெறி இருந்தால் தமிழர்களோடும் மலையாளிகளோடும் எப்படிச் சேர்ந்து வாழ்வோம் என்று கேட்டுவிட்டார். கொதித்தோமய்யா, கொதித்தோம். ஆனால் அடிபட்டுக் கிடந்த அந்த நைஜீரியப் பையன்களுக்காக நம் கொதிப்பில் ஒரு சொட்டாவது இருந்ததா? எங்களைப் போய் அவர்களோடு சேர்ப்பதா என்பதுதான் நமக்குச் சுருக்கென்று குத்திய இடம்.

ஆப்பிரிக்கப் பெண்கள் பட்டதற்கு நமக்கு அவ்வளவுகூடக் கோபம் வரவில்லை. 2014 ஜனவரியில் டெல்லி கிர்க்கியில் நள்ளிரவில் ரெய்டு போனவர் அந்த மாநிலச் சட்ட அமைச்சர் சோம்நாத் பார்தி. உகாண்டாப் பெண்களைப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சிறுநீர் சோதனை செய்யவைத்தார்கள். கருத்த பெண் தனியாக வாடகைக்கு இருக்கிறாள், வேறென்ன சாட்சி வேண்டும்? 2016 ஜனவரி 31, பெங்களூரு. சூடான்காரர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்துபோனார். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு காரில் அந்த வழியே வந்த டான்சானியா மாணவியை, 21 வயதுப் பெண்ணை, இழுத்துப் போட்டு அடித்து மேலாடையைக் கிழித்தார்கள். தப்பிக்க பஸ்ஸில் ஏறினார். உள்ளே இருந்தவர்கள் வெளியே தள்ளினார்கள். சூடானுக்கும் டான்சானியாவுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு நாடுகள் கிடக்கின்றன. கும்பலுக்கு பூகோளம் எதற்கு, தோல் போதாதா? இது நிறவெறித் தாக்குதல் இல்லை என்றார் கர்நாடக உள்துறை அமைச்சர் பரமேஸ்வரா. நம் நாட்டில் எதுதான் நிறவெறி?

"அதெல்லாம் டெல்லி, பெங்களூரு. நம்ம மதுரை அப்படியில்ல" என்று காலரைத் தூக்கிவிடும் அண்ணாச்சிகள் மாட்டுத்தாவணியில் பெரியார் நிலையம் போகும் பஸ்ஸில் ஏறவும். நான் ஏறியிருந்தேன். ஜன்னலோரம் ஓர் ஆப்பிரிக்கப் பெண், முடியைச் சன்னச் சன்னமாகப் பின்னி முடிந்திருந்தாள், மடியில் பை. பக்கத்து சீட் காலி. கூட்டமோ படிவரைக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்கள் நின்றார்களே தவிர, அந்த சீட்டில் உட்காரவில்லை. பின்னாலிருந்து ஒரு காலேஜ் பையன், "மாப்ள, கரண்ட் போயிருச்சுடா!" என்றான். அந்த வரிசையே சிரித்தது. திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். கருப்பில் அவளைவிட ஒரு படி தூக்கலாகத்தான் இருந்தான்.

நைஜீரிய எழுத்தாளர் சிமமண்டா ங்கோசி அடிச்சியின் 'அமெரிக்கானா' நாவல் 2013-ல் வந்தது. ஊரில் இருந்தவரை வெறும் பெண்ணாக இருந்த நாயகி, அமெரிக்காவில் கால்வைத்த பிறகுதான் தான் 'கருப்பு' என்று தெரிந்துகொள்கிறாள். அங்கே அதைச் சொல்லிக்கொடுத்தது வெள்ளைக்காரன் ஊர். இங்கே சொல்லிக்கொடுப்பவன், கண்ணாடியைப் பார்த்தே பல வருஷம் ஆனவன்.

ஆப்பிரிக்கப் பெண் ஒருத்தியை வீடு பார்க்கக் கூட்டிப்போனால் தெரியும் சேதி. போனில் பேசும்போது மாடி போர்ஷன் காலி. ஆளைப் பார்த்ததும் திடீரென்று ஊரிலிருந்து சொந்தக்காரர் குடிவந்துவிடுவார். வீட்டுக்காரர் கொஞ்சம் தைரியசாலி என்றால் "நாத்தம் வர்ற மாதிரி சமைப்பாகளா? ராத்திரி யாராச்சும் வந்துபோவாகளா?" என்று விசாரிப்பார். அவர் மகன் நியூஜெர்சியில் இருப்பான். வெள்ளைக்காரன் ஒரு மாதிரியாகப் பார்க்கிறான் என்று ராத்திரி வீடியோ காலில் புலம்புவான். "என்ன இருந்தாலும் மனுசனை மனுசனா மதிக்கணும்ல" என்பார் அப்பா, அதே மாடியில் நின்றுகொண்டு.

இத்தனைக்கும் இது கருப்பன் காவல் காக்கிற சீமை. அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னால் பொய்ச்சத்தியம் செய்ய மேலூர் வட்டாரத்தில் எந்தக் கொம்பனும் நடுங்குவான். கிடா வெட்டுகிறோம், பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம். திருமங்கலத்தில் பிறந்த விஜயகாந்தை 'கருப்பு எம்.ஜி.ஆர்.' என்று கொண்டாடினோம். கருப்பு ஆணுக்கு வீரம், கம்பீரம், வைரம். அவனோடு ஆடிப்பாட மட்டும் மும்பையிலிருந்து சிவத்த பெண் இறக்குமதி ஆக வேண்டும். மீனாட்சி பச்சை நிறத்தவள் என்பதால் தப்பித்தாள்.

2007-ல் வந்த 'சிவாஜி' படத்தை எத்தனை தடவை டிவியில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள்! நம்மூர்ப் பட்டிமன்ற நடுவர் சாலமன் பாப்பையா அதில் இரண்டு பெண்களின் தகப்பனார். பெண்கள் முகத்தில் கரியாகப் பூசியிருப்பார்கள். அவர்கள் கருப்பாக இருப்பதுதான் நகைச்சுவை, அதற்குமேல் ஒன்றும் கிடையாது. அவர்களுக்கு வைத்த பேர் அங்கவை, சங்கவை. பாரியின் மகள்கள். கபிலர் மாப்பிள்ளை தேடி அலைந்த அந்தப் பெண்களை, சங்கம் வளர்த்த ஊரின் தமிழ்ப் பேராசிரியரை வைத்தே தியேட்டரில் கேலிப்பொருள் ஆக்கினோம். அதே படத்தில் ரஜினிக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோல்நிறத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு பாட்டு முழுக்க வெளுக்கவைத்தார்கள். விசில் பறந்தது. சொந்தத் தோல்மீது இவ்வளவு அருவருப்பு உள்ள கூட்டம், ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு மட்டும் மரியாதை கொடுத்துவிடுமா என்ன?

1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் கொன்ற 2020-ல் வெட்கப்பட்டு 'க்ளோ' ஆனது. கம்பெனிக்கு வந்த வெட்கம் கல்யாண புரோக்கருக்கு இன்னும் வரவில்லை. "பொண்ணு மாநிறம்" என்று அவர் குரலைத் தாழ்த்தினால், பெண்ணைப் பெற்றவர் பவுனைக் கூட்ட வேண்டும் என்று அர்த்தம்.

கமலா ஹாரிஸ் 2020 நவம்பரில் அமெரிக்கத் துணை ஜனாதிபதியாகத் தேர்வானபோது, மன்னார்குடிப் பக்கம் அவருடைய தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் வெடிபோட்டு, கோலத்தில் வாழ்த்து எழுதினார்கள். அவர் தகப்பனார் ஜமைக்காக் கருப்பர். தன்னைக் கருப்பினப் பெண் என்றுதான் அவரும் சொல்லிக்கொள்கிறார். வாஷிங்டனுக்குக் குடிபோகிற கருத்தவள் நம் பேத்தி. கூடல்நகருக்கு வாடகைக்கு வருகிறவள் 'நீக்ரோ'.

மதுரை ஆரோலேப் 1992-லிருந்து செய்கிற கண்லென்ஸ் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகிறது. அங்கிருந்து டாக்டர்கள் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். காலையில் நம் கிழவியின் கண்புரையை எடுக்கிற அந்த டாக்டரம்மா, சாயங்காலம் அண்ணாநகரில் டீ குடிக்க வந்தால் நாலு செல்போன் அவர் பக்கம் திரும்புகிறது.

வீட்டுக்காரரே, வீட்டைக் கொடுங்கள். கறிக்குழம்பு வாசம் உங்கள் அடுப்படியிலிருந்தும்தான் தெருவுக்கு வருகிறது. கொடுக்க மனசில்லையென்றால், மனசில் உள்ளதை போர்டிலேயே எழுதித் தொங்கவிடுங்கள்: 'வீடு வாடகைக்கு. கருப்பர்களுக்கு இல்லை.' பக்கத்திலேயே உங்கள் போட்டோவையும் ஒட்டிவிடுங்கள்.