சரியான விடை: 1964

எங்கள் காலத்தில் நீலகிரியில் இருக்கும் எங்கள் தேவாலாவுக்கு உலகம் கோழிக்கோடு வழியாகத்தான் வந்து சேரும். கோவையில் அச்சாகும் தமிழ்ப் பேப்பர் மேட்டுப்பாளையத்தில் மலையேறி, ஊட்டியைச் சுற்றி, கூடலூரில் பஸ் மாறி, எங்கள் பஜாரில் வந்து விழும்போது மதியம் ஆகிவிடும். மலையாளப் பேப்பரோ நாடுகாணிக் கணவாய் ஏறி, காலையிலேயே, காக்கா என்று நாங்கள் கூப்பிடும் மலையாளி டீக்கடைக்காரரின் பெஞ்சில் கிடக்கும். பாய்லர் சூடாகும்வரை காக்கா அதை உரக்க வாசிப்பார். சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதுகிற நாலைந்து பேர் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டோடு உட்கார்ந்து, கேட்டதைத் தமிழில் எழுதிக்கொள்வோம். கேரள மந்திரிசபையில் யாருக்கு என்ன இலாகா என்பது எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். தமிழ்நாட்டுத் தேர்வாணையம் அதை ஏழு ஜென்மத்துக்கும் கேட்காது என்பது வேறு விஷயம்.

ஜூனில் மழை பிடித்தால் அதுவும் போச்சு. மண் சரிந்து, மரம் விழுந்து, இரண்டு பக்கமும் பஸ் நின்றுவிடும். ரோடு திறந்ததும் மூன்று நாள் பேப்பர் ஒரே கட்டாக வரும். காக்கா பழசிலிருந்து வரிசை மாறாமல் வாசிப்பார்; முதல் பேப்பரில் பதவியில் இருந்தவர் மூன்றாவதில் ராஜினாமா செய்திருப்பார். 1989 டிசம்பருக்கும் 1991 ஜூனுக்கும் இடையில் வி.பி.சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் என்று மூன்று பேர் பிரதமராகப் பதவியேற்றார்கள். எங்கள் ஊர் ஈரத்தில் நோட்டில் எழுதிய மை காயவே அத்தனை காலம் ஆகும்.

அறிவியலில் பெரும்பாலும் தோல்விச் செய்திதான். 1987-லும் 1988-லும் ஏ.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகள் கடலில் விழுந்தன. 1993-ல் முதல் பி.எஸ்.எல்.வி.யும் அதே வழியில் போனது. 'விண்வெளி' என்று தலைப்பிட்ட பக்கத்தில் முக்கால்வாசி வங்காள விரிகுடாதான் இருந்தது. ஊட்டியில் வாங்கிய பொது அறிவு கைடு வேறு. 1991 டிசம்பரில் கலைந்த சோவியத் யூனியன் அந்தக் கைடில் மேலும் இரண்டு பதிப்புக்கு உயிரோடு இருந்தது. ஆனால் அதே ஊட்டியில், முத்தோரை மலைச்சரிவில், 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ டெலஸ்கோப் 1970-லிருந்து படுத்திருக்கும் விஷயம் அதில் ஒரு வரி கிடையாது. அந்த மலையின் சரிவு கிட்டத்தட்ட 11 டிகிரி. இடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் அதைப் பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடத்த முடிந்தது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்கில் விடாமல் பின்தொடரலாம். இதைச் சாத்தியமாக்கிய கோவிந்த் ஸ்வரூப் பெயரை நான் தெரிந்துகொண்டது வேலைக்குச் சேர்ந்து வெகுநாள் கழித்து.

வீட்டில் ரேடியோ ஒன்று, கட்சி இரண்டு. எனக்குக் காலை ஏழேகால் டில்லிச் செய்தி வேண்டும். சரோஜ் நாராயணசுவாமியின் குரலில் நாலு வரி காதில் விழுந்தால் அன்றைய படிப்பு முடிந்த மாதிரி. அம்மாவுக்கு இலங்கை வானொலி வேண்டும். பாட்டுக்காக இல்லை, மரண அறிவித்தலுக்காக. நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இன்னும் அங்கேயே இருந்தார்கள். கடிதம் போய்த் திரும்பி வர மாசக்கணக்கு ஆகும். அங்கே நடந்த இனக் கலவரத்துக்குப் பிறகு அதுவும் நிச்சயமில்லை. யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்பதை அம்மா ரேடியோவில்தான் தெரிந்துகொண்டார். அவருடைய அண்ணன் பெயரும் ஒரு நாள் காலையில் அப்படித்தான் வந்தது, தோட்டத்தின் பெயரோடு, அடக்கம் எத்தனை மணிக்கு என்பதோடு. அன்றைக்கு டில்லியில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. என் நோட்டில் அந்தத் தேதி காலி.

இந்த நோட்டை வைத்துக்கொண்டே பரீட்சை எழுதி, தேறி, ஒரு ஆபீஸில் இளநிலை உதவியாளராக உட்கார்ந்து, ஓய்வும் பெற்றாயிற்று. இப்போது என் தங்கை மகள் படிக்கிறாள். அவளுக்குக் காக்காவும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். டெலிகிராமில் காலை ஆறு மணிக்கே அன்றைய நடப்பு நிகழ்வுகள் பிடிஎஃப் ஆக வந்து விழுகிறது. டவர் கிடைக்காவிட்டால் லைன் வீட்டுக்கு மேலே தேயிலைக்குள் கொஞ்ச தூரம் ஏறினால் போதும். யூடியூபில் ஒரு தம்பி 'இது கண்டிப்பா வரும்' என்று ஐம்பது கேள்வி சொல்கிறார். மறுநாள் வேறு ஐம்பதைச் சொல்லி, அதுவும் கண்டிப்பாக வரும் என்கிறார். நாங்கள் செய்தி கிடைக்காமல் படித்தோம். இவள் செய்தி தீராமல் படிக்கிறாள்.

கேலி செய்ய எனக்கு அருகதை இல்லை. அவள் என்னைவிடக் கெட்டி. சந்திரயான்-3 இறங்கியது 2023 ஆகஸ்ட் 23, திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், ஊர் விழுப்புரம். ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, ஊர் செங்கோட்டை. குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் 2024 பிப்ரவரி 28. எங்களுக்கு ராக்கெட் விழுந்த இடம்தான் பாடம். இவளுக்கு இறங்கிய இடத்தின் பெயர் பாடம். ஒத்துக்கொள்கிறேன், இது முன்னேற்றம்தான்.

வேடிக்கை எங்கே தொடங்குகிறது என்றால், நீலகிரியே இப்போது நடப்பு நிகழ்வாகிவிட்டது. இடி இடித்தால் ஏரியல் கம்பியைப் பிடுங்கிவிட்டு மூலையில் ஒடுங்கியவர்கள் நாங்கள். ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்று ஒரு ஆய்வுக்கூடம். 2014 டிசம்பர் 1-ஆம் தேதி தலைக்குமேல் வந்த ஒரு இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்தது என்று 2019-ல் அவர்கள் உலகத்துக்கு அறிவித்தார்கள். விண்ணிலிருந்து இறங்கும் மியூவான் துகள்கள் மேகத்தைக் கடக்கும்போது எவ்வளவு குறைகின்றன என்பதை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். தங்கை மகள் நோட்டில் இது ஒரே வரி: 'மேக மின்னழுத்தம் – மியூவான் – ஊட்டி'. மலைக்கு இந்தப் பக்கம் நாங்களும் அந்த மழைக்காலத்தை நனைந்தே கழித்தோம் என்பதற்கு மார்க் கிடையாது.

பாதுகாப்புப் பாடமும் அப்படித்தான். அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி என்றால் எங்களுக்குச் சங்குச் சத்தம், அங்கே வேலை கிடைத்தவன் வீட்டுக்குப் பெண் கொடுக்க நிற்கும் கூட்டம். அவளுக்கு அது 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டுப் பிறந்த ஏழு நிறுவனங்களில் ஒன்றான மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ் வரும் ஆலை. அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்தது. எரியும் இடத்துக்குக் குடத்துத் தண்ணீரோடும் கம்பளியோடும் முதலில் ஓடியது அந்தக் குடியிருப்புச் சனங்கள். பிடிஎஃபில் இருப்பது 'எம்.ஐ.-17வி5' மட்டும்தான். கம்பளியைக் கேள்வியாக்கினால் நாலு விடையில் எதை வைப்பது?

அவள் நோட்டில் தெப்பக்காட்டு பெள்ளி அம்மாள் உண்டு: 2023-ல் ஆஸ்கார் வாங்கிய ஆவணப்படத்தில் வந்தவர், அதே ஆண்டு அரசுப் பணியில் முதல் பெண் காவடியாக (யானைப் பாகனின் உதவியாளராக) நியமனம். ஆனால் பி.எம்.-2 யானை அவள் நோட்டில் இல்லை. பந்தலூர் மக்னா என்பதன் சுருக்கம் அது; மக்னா என்றால் தந்தமில்லாத ஆண் யானை. வீட்டை இடித்து அரிசியைத் தின்னும் பழக்கம் அதற்கு. 2022 நவம்பரில் எங்கள் தேவாலா வாழவயலில் ஒரு பெண்ணை அடித்துக் கொன்றது. டிசம்பரில் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, முதுமலைக்குள் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது சுல்தான் பத்தேரி டவுனுக்கே நடந்து போய்விட்டது. கேரள வனத்துறை பிடித்து, முத்தங்கா முகாமில் அடைத்து, 'ராஜா' என்று பெயர் வைத்தது. இரண்டு மாநிலம், இரண்டு வனத்துறை, ஒரு யானை. நிர்வாகவியலுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? அந்த டிசம்பரில் இருட்டிய பிறகு அடுப்பு மூட்டப் பயந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவள் ஜி-20 தலைமைப் பொறுப்பு எந்த நாட்டிலிருந்து நமக்கு வந்தது என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். இந்தோனேசியா.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பேத்தி சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் இருப்பார். ஒரு மே மாதக் காலையில் இவள், "அம்மாயி, இன்னைக்கு மே 21, உலகத் தேநீர் தினம். ஐ.நா. சபை அறிவிச்சது" என்றாள். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: "லீவு உண்டா?"

இன்னொரு நாள் ஒப்பந்தப் பாடம்.

"1964 அக்டோபர் 30, சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சம் 1,50,000. அதை 1974-ல இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000-னு பிரிச்சிக்கிட்டாங்க."

"மிச்சமின்னா?"

"அப்போ முடிவாகாம நின்னவங்க, அம்மாயி."

"எங்க அண்ணனும் அதுல ஒரு ஆளு" என்றார் அம்மா. "மூணு ரவுண்டு தேயிலைய கவ்வாத்து வெட்டுற காலம் வரைக்கும் மிச்சமாவே இருந்தாரு."

தங்கை மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 75,000 என்பதன் கீழே கோடு போட்டாள். ஒப்பந்தம் கையெழுத்தான வருஷம் பிறந்தவன் நான். பரீட்சைக்கு என் பிறந்த வருஷமே விடையாக வருகிற கௌரவம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

எங்களைக் குடியேற்றவென்று 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டமாகத் தொடங்கி, 1976-ல் கழகமாக மாறிய டான்டீ, அவள் நோட்டில் 'பொதுத்துறை நிறுவனங்கள்' என்ற தலைப்பில் இருக்கிறது. அதே நிறுவனத்தின் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பித் தரும் முடிவு 2022-ல் வந்தது. அந்தச் செய்தி எங்கள் லைனுக்குப் பிடிஎஃபில் வரவில்லை, வயிற்றில் வந்தது. வேலையில் இருக்கும்வரைதான் வீடு. வீட்டுக்கு ஒருவராவது வேறு சர்க்கார் வேலைக்குப் போயே ஆகவேண்டும் என்று இன்றைய பிள்ளைகள் உயிரை விட்டுப் படிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த மாதிரிக் காய்ச்சலை ஊர் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறது. 1879-ல் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களைக் கண்ட பிரஃப் ஸ்மித் என்ற நிபுணர் வந்து, இந்தப் பாறைகளில் தங்கம் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். லண்டனில் கம்பெனி மேல் கம்பெனி முளைத்தது, பங்குகள் பறந்தன. பந்தலூரில் துரைமார் குதிரைப் பந்தயத் திடல்கூடப் போட்டார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் கூடாரம் காலி. தங்கம் இல்லாமல் இல்லை. தோண்டிய செலவுக்குக் காணவில்லை. லாபம் பார்த்தவர்கள் காட்டை விற்றவர்களும் பங்கை விற்றவர்களும்தான். இன்றைய காய்ச்சல் சர்க்கார் வேலைக்கு: 2022-ல் தேர்வாணையத்தின் 7,301 குரூப்-4 இடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2025-ல் 3,935 இடங்கள், விண்ணப்பம் கிட்டத்தட்ட 14 லட்சம். நோட்ஸ் விற்பவர்கள் நஷ்டப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

நேர்மையாக உழைத்துத் தோண்டாதவர்களும் உண்டு. 2019 குரூப்-4 தேர்வில் இராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர், கொஞ்ச நேரத்தில் மறையும் மையில் விடையைக் குறித்தார்களாம். பிறகு வேறு கை வந்து சரியான விடையை நிரப்பியதாம். 99 பேருக்கு ஆயுள் தடை. இலங்கையிலிருந்து வந்தபோது எங்களை முதலில் வைத்திருந்த மண்டபம் முகாமுக்குப் பக்கத்து ஊர்கள்! அதன் பிறகு வந்த சீர்திருத்தங்களில் எனக்குப் பிடித்தது ஐந்தாவது வட்டம். ஏ, பி, சி, டி-க்குப் பிறகு இ: 'விடை தெரியவில்லை'. தெரியாததையும் கருப்பு மையால் நிரப்பியே தீரவேண்டும், கடைசியில் அது எத்தனை என்று எண்ணியும் எழுதவேண்டும் என்று விதி வந்தது. தெரியாத கேள்வியை நாங்கள் சும்மா விட்டுவிட்டு வருவோம். சும்மா விட இப்போது வழியில்லை.

2025 ஜூலை 12, சனிக்கிழமை, இவளுக்குக் குரூப்-4 தேர்வு. என் காலத்தில் பரீட்சை எழுத ஒரு நாள் முன்னாலேயே கிளம்ப வேண்டியிருந்தது. இவள் காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள். குடையை மடக்குவதற்குள் அம்மா விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாம் எழுதிட்டியா புள்ள?"

"எழுதிட்டேன் அம்மாயி. கொஞ்சம் 'இ' போட்டேன்."

"அது என்னாது?"

"விடை தெரியலைன்னா அதுக்கும் ஒரு வட்டம் இருக்கு. அதைக் கருப்பாக்கணும்."

அம்மா சிரித்தார். "மண்டபத்துல எங்களுக்கு அந்த வட்டத்தக் காட்டலையே புள்ள. எந்த ஊருக்குப் போறீங்கன்னு ஆபீசர் கேட்டாரு. ஒங்க தாத்தா முழிச்சாரு. அவரே தேவாலான்னு எழுதிக்கிட்டாரு. தேவாலா எங்க இருக்குங்கய்யான்னு கேட்டா, அந்தாளுக்கும் தெரியல."

"அப்போ அவரும் 'இ' தான் அம்மாயி" என்று சொல்லிவிட்டு, ஆன்சர் கீ வந்துவிட்டதா என்று பார்க்கத் தங்கை மகள் போனைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஏறினாள்.