ஒட்டுப்புல்லின் சார்பில் ஒரு மனு

காலி மனைகளைக் கட்டிக் காக்கும் அதிகாரி அவர்களுக்கு,

நவி மும்பை சான்பாடாவாசி ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

எங்கள் கட்டடத்துக்கு எதிரே, தகரம் அடித்து நீங்கள் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் மனையில் ஒட்டுப்புல் குடியேறிவிட்டது. அதைப் 'பாத்ர', அதாவது வீடு பெறத் தகுதியுள்ளது, என்று அறிவிக்க வேண்டுகிறேன்.

மும்பை தாராவியின் மறுசீரமைப்பில் யாருக்கு வீடு என்ற கணக்கு தங்களுக்குத் தெரியாததல்ல. 1.1.2000-க்கு முன்பே தரைத்தளத்தில் இருந்ததாகக் காகிதம் காட்டினால் அங்கேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பிறகு 1.1.2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்ச ரூபாய்க்கு. மாடியில் இருப்பவர்கள் கதை வேறு. நம் புல்லோ பிறந்ததிலிருந்து தரைத்தளவாசி. ரேஷன் கார்டு இல்லை, கரண்ட் பில் இல்லை. இருந்தும் காலி செய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ்கூட வந்ததில்லை. திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிட்டவரின் பேரன் ஒரு பழைய ரசீது இல்லாமல் தகுதியற்ற 'அபாத்ர' ஆகிவிடலாம். புல்லுக்கு அந்தக் கவலை கிடையாது.

குடும்பமும் லேசுப்பட்டதல்ல. தாவரவியலில் செங்க்ரஸ் என்பது குலப்பெயர். நம் ஊர்க் கொழுக்கட்டைப் புல் பங்காளிதான். சாது, மாட்டுத் தீவனம். ராஜஸ்தானில் இருக்கும் இன்னொரு பங்காளியின் முள்காயை உடைத்து, விதையைக் கம்புடன் அரைத்துப் பஞ்சகாலத்தில் ரொட்டி சுட்டிருக்கிறார்கள். ரவுடியும் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பிய அது, ஹவாய்க்கு வடமேற்கே லேசான் என்ற ஆளில்லாத் தீவில் இறங்கி, கடற்பறவைகள் கூடு கட்டும் புல்லையே ஓரங்கட்டியது. 1991-இல் ஆரம்பித்து ஆண்டுக்கணக்கில் ஆட்களைத் தங்கவைத்துப் பிடுங்கித்தான் அதை ஒழித்தார்கள்.

தாங்கள் அப்படியெல்லாம் கொடுமை செய்வதில்லை. மழைக்காலம் முழுக்க வளரவிட்டு, காய் முற்றி முள் விறைத்த பிறகு, அக்டோபரில் மெஷினோடு ஆள் அனுப்புகிறீர்கள். வெட்டிய வேகத்தில் முள்காய் நாலா பக்கமும் தெறிக்கிறது. மிச்சத்தை லாரி டயரும் தெருநாயின் வாலும் பள்ளிப் பிள்ளைகளின் சாக்ஸும் அடுத்த செக்டாருக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஒரே முள்காய்க்குள் ஒன்றுக்கு மேற்பட்ட விதை இருக்கும். ஒன்று முந்தி முளைக்க, மற்றது மண்ணுக்குள் காத்திருக்கும். அதற்குக் கட்-ஆஃப் தேதியும் இல்லை. பரப்புகிற வேலைக்கு டெண்டர் விட்டிருந்தால்கூட இத்தனை சுத்தமாக முடிந்திருக்காது.

புல்லுக்கு வீடு ஒதுக்க முடியாதென்றால் மாற்று வழி ஒன்று. கதிர் தலைகாட்டும் முன்பே, ஈர மண்ணில், நாலு ஆள் விட்டு வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள். தாராவியில் சர்வே எடுத்த ஆட்களை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். வேரைத் தேட வேண்டியவர்கள் ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
காலில் முள் தைத்த சான்பாடாவாசி