காலண்டர் தாளின் பின்பக்கம்

கட்டுரை ஏட்டின் இடப்பக்கம் அடிக்கோல் வைத்துப் பென்சிலால் ஓரக்கோடு போட்டு, நடுவில் தலைப்பை எழுதி, அதன் அடியில் இரட்டைக்கோடு இழுத்து, ‘குறிப்புச்சட்டகம்’ என்று எழுதி, முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் முடியும் ஆறேழு உட்தலைப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய பழக்கம் உங்கள் கைக்கும் மறந்திருக்காது. இன்று மடிக்கணினியைத் திறந்து வெள்ளைத் திரைமுன் உட்காரும்போதும் என் கண் அந்த ஓரக்கோட்டைத்தான் தேடுகிறது.

1980 மாசியில் கும்பகோணத்தில் மகாமகம் நடந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழா முடிந்து, கூட்டம் வடிந்து, தெருவில் கட்டியிருந்த மூங்கில் தடுப்புகளை அவிழ்த்துக்கொண்டிருந்த வாரத்தில், தமிழையா ‘நான் கண்ட திருவிழா’ என்று கரும்பலகையில் எழுதினார். அன்று மாலையே ஒரே மூச்சில் ஐந்து பக்கம் எழுதினேன். மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள், அவற்றைக் கட்டுவித்த கோவிந்த தீட்சிதர், குளத்துக்குள் இருக்கும் தீர்த்தக் கிணறுகள், எங்கள் திண்ணையில் படுத்திருந்த முகம் தெரியாத உறவுக்காரர்கள், அல்வாக் கடை, காணாமல்போய்க் கிடைத்த சித்தப்பா மகன், மறுபடியும் மண்டபங்கள். ஏடு திரும்பி வந்தபோது அதில் மதிப்பெண் இல்லை. ஓரக்கோட்டுக்கு இந்தப்புறம் சிவப்பு மையில் ஓரிடத்தில் ‘மற்றொன்று விரித்தல்’, இன்னோரிடத்தில் ‘கூறியது கூறல்’, கடைசிப் பக்கத்தில் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்று மட்டும் இருந்தது.

நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் சொன்ன பத்துக் குற்றங்களில் மூன்று அவை. கூடவே பத்து அழகும் சொல்லியிருக்கிறார். எதை எதற்குப் பின் வைப்பது என்கிற ‘முறையின் வைப்பு’ அதில் ஒன்று. இலக்கண வகுப்பில் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தவன்தான் நான். எழுநூறு வருஷத்துக்கும் முந்தைய அந்தச் சொற்கள் என் ஏட்டைப் பற்றியும்தான் பேசுகின்றன என்பது அந்தச் சிவப்பு மையைப் பார்த்த பிறகே உறைத்தது.

ஐயா திட்டவில்லை. “மண்டபமெல்லாம் ஊருக்கே தெரியும்டா. நீ எங்க நின்னு பாத்தே?” என்று கேட்டார்.

“வடகரையில ஐயா. ஒரு தூணப் புடிச்சுகிட்டு.”

“அப்ப அந்தத் தூண்லேருந்து ஆரம்பி. அங்கேருந்து தெரியாதது எதுவும் வேண்டாம். ஒரு தாளுக்கு ஒரு விஷயம்னு எழுதித் தரையில பரப்பிப் பாரு. அப்பறம் பேனாவத் தொடு.”

தாளுக்கு எங்கே போவது? கிழித்த தினசரி காலண்டர் தாள்களை அம்மா பால் கணக்கு எழுதக் கம்பியில் குத்தி வைத்திருப்பாள். அதில் இருபது தாளைக் கேட்டு வாங்கி, ராகுகாலமும் நல்ல நேரமும் அச்சான பக்கத்தைத் தரையில் கவிழ்த்து, வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் ஒவ்வொரு வரி எழுதி, கூடத்துச் சிவப்புத் தரையில் பரப்பினேன். மின்விசிறியை நிறுத்தியும் தாள் பறந்தது. தாயம் ஆடும் சோழிகளை ஒவ்வொன்றின் மேலும் வைத்தேன். எட்டாவதாக இருந்த தூண் முதலுக்கு வந்தது. தூணின் சூடு, பக்கத்தில் நின்ற பெரியவரின் நனைந்த துண்டு, தண்ணீரே தெரியாமல் தலைகளாகத் தெரிந்த குளம் என்று தாள்கள் தாமாகவே ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்டன. முன்னுரையைக் கடைசியில் எழுதலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யார் வரப்போகிறார் என்று தெரிந்த பிறகுதானே வாசலில் நின்று வரவேற்க முடியும்? சோழிகளுக்கு நடுவே முழங்காலிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்த அந்தப் பையனை நினைத்தால் இன்றும் பிரியமாக இருக்கிறது.

பிரில் மையில் எழுதியதை அழிக்க முடியாது. ரப்பரின் நீல முனையால் தேய்த்தால் தாள் ஓட்டையாகும். அதனால் பேனா மூடியைத் திறக்குமுன் கட்டுரை முழுதும் மனசுக்குள் ஒருமுறை நடந்து முடிந்திருக்கும். இப்போது ஐந்தாம் பத்தியை விரலால் தொட்டு முதலுக்கு இழுத்துவிடுகிறேன். பிடிக்காவிட்டால் திரும்ப அனுப்புகிறேன். இந்த வசதி எனக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது, இதை விட்டுவிட்டுப் பழைய ஏட்டுக்குப் போகமாட்டேன். ஆனால் திரையில் நீக்கியது போயே போய்விடுகிறது. தரையில் ஒதுக்கிய தாளோ கையிலேயே இருந்தது. எதை விட்டுக்கொடுத்தோம் என்று அதைப் பார்த்துக்கொண்டே எழுதினோம்.

போன மாதம் அண்ணன் பேத்தி தன் திருவிழாக் கட்டுரைக்காகச் செல்போனிடம் தலைப்பைச் சொன்னாள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை மூன்றும் நொடியில் வந்து நின்றன. படித்துக் காட்டினாள். கூறியது கூறல் இல்லை, எழுத்துப்பிழை இல்லை. திருவிழாவை யாரும் எங்கும் நின்று பார்த்ததாகவும் இல்லை. “நீ எங்கம்மா நின்னே?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். “செருப்பு விடற இடத்துல, தாத்தா. அம்மா செருப்பப் பாத்துக்கச் சொல்லிட்டாங்க” என்றாள். என்ன அருமையான இடம் அது!

அந்த இருபது தாளில் ஒன்று கடைசிவரை எங்கும் பொருந்தவில்லை. மகாமகத்துக்கென்றே கிராமத்திலிருந்து வந்த அப்பாயி, கூட்டத்துக்குப் பயந்து வீட்டோடு இருந்துவிட்டாள். சாயங்காலம் அப்பா ஒரு சொம்பில் குளத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, கொல்லையில் குளம் இருக்கும் திசை பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொட்டு வீணாகாமல் தலையில் விட்டுக்கொண்டாள். தாளை ஐயாவிடம் காட்டினேன். “இது வேற கட்டுரைடா. பத்திரமா வை” என்றார்.

அகராதிக்குள் வைத்தேன். 2016 மகாமகத்தின்போது, அப்பாயியும் அப்பாவும் இல்லாத வீட்டில், அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் கணினியைத் திறந்தேன். தாள் பழுத்திருந்தது, பென்சில் மங்கியிருந்தது. அதிலிருந்த ஒரே வரியை முதல் வாக்கியமாகத் தட்டினேன்: அப்பாயி குளத்துக்கு வரவில்லை.